யாரைப் பார்க்கணும்? செட்டிநாட்டில் ஊருணி வேலை தொடங்குபவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் புதிதாக வீடு வாங்கி வந்தவர்களும், வெளியூரில் வேலை முடித்துத் திரும்பிப் பூர்வீக வீட்டைப் பழுதுபார்த்துக் குடியேறியவர்களும் ஊர்க் குளமான ஊருணியைப் பற்றி என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எங்க தெரு ஊருணி குப்பையும் கருவேலமுமாக் கெடக்குண்ணே. சுத்தம் பண்ணணும். யாரைப் பார்க்கணும்?"

அனுமதிக்காகச் சில அலுவலகங்களுக்குப் போக வேண்டியிருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன். மற்றபடி யாரையும் பார்க்க வேண்டாம் என்பதுதான் என் பதில். நான் இதுவரை மூன்று ஊருணி வேலைகளில் மண் சுமந்திருக்கிறேன். ஒன்றை ஒரு பெரிய மனிதர் முன்னின்று நடத்தினார். நல்லவர், கைக்காசு போட்டார். அவர் மகளுக்குக் கல்யாணம் வந்ததும் வேலை நின்றது, பிறகு தொடங்கவே இல்லை. மற்ற இரண்டுக்கும் தலைவர் என்று யாரும் கிடையாது. அவற்றில் ஒன்றில் இன்றும் சித்திரை வரை தண்ணீர் நிற்கிறது. இன்னொன்றில் நாங்கள் செய்த பெரிய தவறைக் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் அதைச் செய்யாதிருந்தாலே இந்தக் கட்டுரைக்குப் பலன் உண்டு.

இது இந்த மண்ணுக்குப் புதிதில்லை

தலைவர் இல்லாமல் ஊர் கூடுமா என்று சந்தேகப்படுகிறவர்களைக் கோடையில் ஒரு நாள் சிங்கம்புணரி, பொன்னமராவதிப் பக்கம் மீன்பிடித் திருவிழாவுக்கு அழைத்துப் போவேன். அறுவடை முடிந்து, கண்மாயில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியிருக்கும். சேதி வாய்வழியாகவே பரவி, அக்கம்பக்கத்து ஊர்ச் சனமெல்லாம் ஊத்தா, கச்சா என்ற மீன்பிடி கருவிகளும் கூடையுமாக விடியும்போதே கரையில் நிற்கும். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். ஒரே பாய்ச்சலாக எல்லோரும் இறங்குவார்கள். துண்டு வீசியதோடு பெரியவரின் வேலை முடிந்தது. யார் எங்கே இறங்க வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று அவர் சொல்வதில்லை. பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்க வேண்டும், விற்கக் கூடாது என்பது பல ஊர்களில் வழக்கம். அந்த வழக்கத்தை யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. துண்டு விழுவதற்கு முன்னால் ஒருவன் இறங்கினால் கரையில் நிற்கும் அத்தனை பேரும் பார்ப்பார்கள். காவலுக்கு ஆள் போடாமலே காவல் நடக்கிறது.

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் பழனிக்குக் கொண்டுபோகும் காவடியும் இப்படித்தான். தைப்பூசத்துக்கு முன் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நடக்கிறார்கள். எந்த ஊரில் தங்குவது, எப்போது கிளம்புவது என்பதெல்லாம் பரம்பரையாக வந்த நடைமுறை. அந்தப் பாதையில் காவடியோடு சேராமல் தனித்தனியாக நடக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழியோரத்து ஊர்க்காரர்கள் சோறும் மோரும் கொடுக்கிறார்கள். சோறு கொடுப்பவருக்கும் நடப்பவருக்கும் நடுவில் நிர்வாகம் எதுவும் இல்லை. நாளும் பாதையும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் மற்றது தானாக அமைந்துவிடுகிறது.

இதற்குள் இருக்கும் சூட்சுமத்தை மனிதர்களிடம் பார்ப்பதைவிடக் கறையானிடம் பார்ப்பது எளிது. நம் செம்மண் பொட்டலில் ஆள் உயரத்துக்குப் புற்று நிற்கிறதே, அதற்குக் கொத்தனாரும் கிடையாது, மேஸ்திரியும் கிடையாது. பியேர் பால் கிராசே என்ற பிரெஞ்சு உயிரியலாளர் 1959-இல் இதை விளக்கினார். ஒரு கறையான் வைத்துவிட்டுப் போன மண்ணுருண்டையே அடுத்த கறையானுக்குச் சேதி. அதைப் பார்த்து அது தன் உருண்டையை அதன்மேல் வைக்கிறது. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளத் தேவையில்லை, செய்த வேலையே அடுத்த வேலையைக் காட்டிவிடுகிறது. ஊருணி வேலையை இப்படி அமைக்க முடிந்தால் பாதிப் பாரம் குறைந்துவிடும். எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

முதலில் மழையில் நடங்கள்

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால், ஒரு நல்ல மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு ஊருணியிலிருந்து எதிர்த்திசையில் நடங்கள். தண்ணீர் எங்கிருந்து வர வேண்டும், இப்போது எங்கே போகிறது என்று பாருங்கள். செட்டிநாட்டு ஊர்கள் தண்ணீரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. வீட்டின் உள்முற்றமான வளவில் விழும் மழை வாய்க்கால் வழியாகத் தெருவுக்கும், தெரு ஓட்டத்தில் ஊருணிக்கும் போகும்படி வாட்டம் வைத்திருப்பார்கள். அந்த வாட்டத்தைப் பின்னால் வந்த சிமென்ட் ரோடுகள் கெடுத்துவிட்டன. ரோட்டின் மேல் ரோடு போட்டு உயர்த்தியதில், ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பள்ளமாகி, சாக்கடையாகி, பல இடங்களில் மூடியே போயிற்று.

புதிதாக வருபவர்கள் தவறுவது இங்கேதான். ஊருணிக்குள் இறங்கிக் கருவேலத்தை வெட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஐப்பசியில் ஊரே நனைந்தாலும் ஊருணிக்குச் சொட்டு வருவதில்லை. சேர்ந்தவர்கள் மனம் விட்டுப் போகிறார்கள். வரத்துக்காலைத் திறக்காமல் ஊருணியைத் தூர்வாருவது வீண் என்றே சொல்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத்தான் ஆள் கிடைப்பார்கள் என்றால் அதை வரத்துக்காலுக்குக் கொடுங்கள்.

நடக்கும்போது ஒரு வயதான ஆச்சியையோ ஐயாவையோ கூட அழைத்துப் போங்கள். எங்கள் தெருவில் எண்பது வயதுக்கு மேலான ஓர் ஆச்சி, திண்ணையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, "அந்த வேப்பமரத்தடியில கல் பாலம் ஒண்ணு இருந்துச்சு தம்பி, மண்ணுக்குள்ள கெடக்கும், தோண்டிப் பாருங்க" என்றார். இரண்டடி ஆழத்தில் கிடைத்தது. புலப்படத்தில்கூட அந்த விவரம் இல்லை.

நிலம் யாருடையது

இதை ஒரே நாளில் முடித்துவிடலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கேட்டு, நில வகை எழுதியிருக்கும் அ-பதிவேட்டில் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால் ஊராட்சி அல்லது நகர உள்ளாட்சியின் பொறுப்பு. கோயில் பெயரிலோ நகரத்தார் பொதுவிலோ இருந்தால் அவர்களிடம் கடிதம் கொடுங்கள். கண்மாய் என்றால் வேறு கணக்கு: ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம், மேலே இருந்தால் நீர்வளத் துறை. தோண்டிய மண்ணை வெளியே கொண்டுபோக வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வேண்டும். இதை விட்டுவிட்டால் நல்லெண்ணத்தோடு செய்த வேலை மணல் கடத்தல் புகாராக மாறும்.

கிராமமாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது, அங்கே பகுதி சபையில் கேட்க வேண்டும். எதுவும் நகராவிட்டால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு. மனுவில் ஒருவர் பெயர் மட்டும் வேண்டாம். தெருவில் பத்துப் பேர் வரிசையாகக் கையெழுத்துப் போடுங்கள்.

வேலையைப் பத்தடியாக வெட்டுங்கள்

கறையான் விஷயம் இங்கே வருகிறது. "ஊருணியைச் சுத்தம் பண்ணுவோம், வாங்க" என்று அழைத்தால் வந்தவர் நின்றுகொண்டு, "நான் என்ன செய்யணும்?" என்று கேட்பார். கேள்வி பிறந்ததுமே பதில் சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார். நான்கு வாரம் அவரே பதில் சொன்னால் அவர் தலைவராகிவிடுவார். அவர் வராத வாரம் வேலை நடக்காது.

ஆகவே கேள்வியே எழாதபடி செய்யுங்கள். நூறு நாள் வேலையில் அளந்து விடுவது நம் பெண்களுக்கு அத்துப்படி. அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வரத்துக்காலைச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பத்துப் பத்து அடியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பத்தடியிலும் ஒரு குச்சி. வேலை முடித்தவர் குச்சியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போகட்டும். ஆறு மணிக்கு வருபவரானாலும் ஏழு மணிக்கு வருபவரானாலும், துணி இல்லாத குச்சியைத் தேடிப் பிடித்து வேலையைத் தொடங்கலாம். பாதியில் போக வேண்டியிருந்தால் மண்வெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போகட்டும், பார்ப்பவருக்குப் புரியும்.

பத்தடி என்பதிலும் காரணம் உண்டு. ஓர் ஆள் ஒரு காலையில் தொடங்கி முடிக்கக்கூடிய அளவு அது. முடித்த திருப்தியோடு வீட்டுக்குப் போகிறவர் அடுத்த வாரமும் வருவார். நாங்கள் முதலில் முப்பதடி என்று வைத்தோம். எல்லோரும் பாதியில் விட்டுப் போனார்கள். துணி ஒன்றுகூட ஏறவில்லை.

மண் சுமக்க முடியாதவர்களுக்கும் வேலை துண்டாக இருக்க வேண்டும். ஒரு பானைத் தண்ணீர், எட்டுப் பேருக்கு டீ, ஒரு மண்வெட்டிக்குக் காம்பு போடுவது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. எங்கள் பக்கத்து டீக்கடைச் சுவரில் கரும்பலகை ஒன்று மாட்டினோம். அதில் மூன்றே தலைப்பு: முடிந்தது, மீதி, வேண்டியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம். "அரிவாள் 2" என்று எழுதிய மறுநாள் இரண்டு அரிவாள் வந்து சேர்ந்தது. கொடுத்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

இந்தப் பலகையின் அருமை 2018-இல் கஜா புயலின்போது உறைத்தது. நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த அந்தப் புயலுக்குப் பிறகு தமிழ்நாடெங்கிலுமிருந்து வண்டி வண்டியாக உதவி வந்தது. யாரும் உத்தரவிடாமல் வந்த உதவி, நினைத்தால் இன்றும் நெகிழ்கிறது. ஆனால் பிரதான சாலையோரத்து ஊர்களில் பொருள் குவிய, உள்ளே தள்ளியிருந்த கிராமங்கள் காத்துக் கிடந்தன. எங்கே என்ன போதும், எங்கே என்ன இல்லை என்பது கொண்டுவந்தவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. வாட்ஸ்அப் குழு வைத்தாலும் இதே மூன்று தலைப்புக்கு மேல் எதையும் அனுமதிக்காதீர்கள். தெருவுக்கு ஒரு சிறிய குழு போதும். ஊர் முழுவதற்கும் ஒரே குழு வைத்தால் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் மண்வெட்டி காணாமல் போகும்.

நேரத்தை மாற்றாதீர்கள்

வாரச்சந்தைக்கு யாராவது அழைப்பு அனுப்புகிறார்களா? கிழமையும் இடமும் மாறாததால்தான் கூடுகிறது. ஞாயிறு காலை ஆறு முதல் எட்டரை என்றால் இரண்டே பேர் வந்தாலும் நடத்துங்கள், முகூர்த்த நாளிலும் நடத்துங்கள். எட்டரைக்கு நிறுத்திவிடுங்கள். பங்குனியில் தொடங்கி ஆவணிக்குள் மண் வேலையை முடிப்பது நம் மழைக்குப் பொருந்தும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கருவேலப் புதருக்குள் பாம்பு உண்டு, உடைந்த பாட்டில் உண்டு, முள் செருப்பைத் துளைத்து ஏறும். தடித்த காலணி இல்லாதவரை உள்ளே விடாதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

பணம்

முடிந்தவரை பணமே வேண்டாம், பொருளாகக் கேளுங்கள். ஜேசிபி வாடகை, டிராக்டர் டீசல் என்று தவிர்க்க முடியாதது வரும்போது நகரத்தார் வழக்கத்தைப் பாருங்கள். ஒன்பது நகரக் கோயில்களைச் சேர்ந்த அவர்கள், திருமணமான ஒரு தம்பதியை ஒரு புள்ளி என்று கணக்கிடுவார்கள். புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. மலேயாவில் தோட்டம் வைத்திருந்தவருக்கும் உள்ளூரில் பெட்டிக்கடை வைத்திருந்தவருக்கும் ஒரே புள்ளிதான். மேற்கொண்டு கொடுக்க விரும்புகிறவர் கொடுக்கலாம், ஆனால் புள்ளி வரி அனைவருக்கும் சமம். சமமாகக் கொடுத்தவர்களுக்குச் சமமாகக் கேள்வி கேட்கும் தைரியம் வருகிறது. எங்கள் தெருவில் வீட்டுக்கு நூறு ரூபாய் என்று வைத்தோம். பத்தாயிரம் தருகிறேன் என்று வந்தவரிடம், நூறை வாங்கிக்கொண்டு மீதிக்கு டீசல் வாங்கித் தரச் சொன்னோம்.

பணம் ஒருவர் கையில் தங்கக் கூடாது. டிராக்டர்க்காரருக்குத் தர வேண்டியதை நேரே அவருக்கே அனுப்பச் சொல்லுங்கள். கொஞ்சம் ரொக்கம் சேர்ந்தால் பெட்டி ஒரு வீட்டில், சாவி இன்னொரு வீட்டில், கணக்கு நோட்டு மூன்றாவது வீட்டில். கணக்கை மொய் நோட்டு போல எழுதுங்கள், பெயரும் தொகையும் அடுத்தடுத்து, யார் கேட்டாலும் புரட்டிக் காட்டும்படி. "கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது போல" என்பார்களே, அந்தக் கருநாகம் பெரும்பாலும் கணக்கு தெரியாத இடத்தில்தான் நுழைகிறது.

திரும்பப் பெற முடியாத வேலைகள்

எங்கள் தவறைச் சொல்கிறேன். "செய்பவர் முடிவெடுக்கட்டும்" என்று ஒரு விதி வைத்திருந்தோம். நல்ல விதி. குச்சியை எங்கே நடுவது, குப்பையை எங்கே குவிப்பது என்பதற்கெல்லாம் கூட்டம் போட்டால் விடிந்துவிடும். ஆனால் ஜேசிபி வந்த நாளிலும் அதே விதியில் விட்டுவிட்டோம். ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்று அங்கே நின்ற இரண்டு பேர் நினைத்தார்கள், ஓட்டுநரும் தோண்டினார். கரம்பை என்ற களிமண் முழுவதையும் தாண்டிச் செம்பூராங்கல் தட்டுப்பட்டது. பார்த்தவர்கள் பலர், நானும் ஒருவன். நிறுத்தச் சொல்வது என் வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆண்டு நல்ல மழை. கார்த்திகையில் நிறைந்த ஊருணி பொங்கலுக்குள் தரையைக் காட்டிவிட்டது. தண்ணீரைப் பிடித்து நிறுத்தியிருந்த களிமண் அடுக்கை நாங்களே அள்ளி வெளியே கொட்டியிருந்தோம். மறு கோடையில் அதே கரம்பையைத் திரும்பக் கொண்டுவந்து பரப்பி, நனைத்து, டிராக்டரை ஓட்டி மிதிக்க வேண்டியதாயிற்று. இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.

அதன் பிறகு விதியை இரண்டாகப் பிரித்தோம். நாளைக்கே மாற்றிக்கொள்ளக்கூடிய வேலை என்றால் செய்பவர் முடிவு. திரும்பப் பெற முடியாதது என்றால், அதாவது மரம் வெட்டுவது, கரையை உடைப்பது, இயந்திரம் இறக்குவது, மண்ணை வெளியே அனுப்புவது என்றால், பலகையில் எழுதி ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். யாராவது ஒருவர் "எனக்கு ஒப்பவில்லை" என்று எழுதினாலும் நின்று பேச வேண்டும். இயந்திரம் ஓடும்போது, அங்கே நிற்கும் எவரும், பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தாலும், கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

ஊர் என்றால் யார்

பழைய நாளில் ஊர் கூடிக் குடிமராமத்து செய்தது, அதாவது நீர்நிலையைத் தானே பழுதுபார்த்தது என்று பெருமையாகப் பேசுகிறோம். அதில் உண்மை உண்டு. அந்த ஊருக்குள் எல்லோரும் இருந்தார்களா என்றும் கேட்க வேண்டும். மண் சுமந்தவர்களில் பலருக்கு அதே ஊருணியில் குடம் முக்க உரிமை இல்லை. 1858-இல் வெள்ளைக்கார அரசு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது, வராதவருக்குத் தண்டனை என்று வைத்தது. மனமொப்பிச் செய்வதுதான் பழைய வழக்கம் என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே முதல் நாள் நீங்கள் நடக்க வேண்டிய தெரு உங்கள் தெரு இல்லை. வரத்துக்கால் தொடங்கும் காலனிக்குப் போங்கள். அவர்களை வேலைக்குக் கூப்பிடுவதற்கு முன்னால், என்ன வேலை, எப்போது என்று தீர்மானிக்கக் கூப்பிடுங்கள். பலகையை அவர்கள் டீ குடிக்கும் கடையிலும் ஒன்று மாட்டுங்கள். பெண்கள் பேசும் நேரத்தில், பேசும் இடத்தில் கூடுங்கள். கோயில் வாசலில் எல்லோருக்கும் இடமில்லை என்றால் பொட்டலில் கூடுங்கள். தலைவர் இல்லாத கூட்டத்தில் சாதிதான் சத்தமில்லாமல் தலைவராகிவிடும், கண்ணை மூடிக்கொண்டால்.

விதியை மீறுபவர்

குப்பை கொட்டுபவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் உலகெங்கும் பொதுநீர், பொதுக்காடு, மேய்ச்சல் நிலம் காத்த ஊர்களைப் படித்து, 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். நிலைத்த ஊர்களில் அவர் கண்டவற்றில் ஒன்று: தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறும். முதல் தடவை குப்பையை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள், பகை முளைக்கும். ஒருவர் போய்த் தனியாகச் சொல்லட்டும். இரண்டாம் தடவை இரண்டு பேர். மூன்றாம் தடவை பலகையில், பெயர் போடாமல், "கிழக்குப் படித்துறையில் குப்பை" என்று மட்டும். எங்களுக்கு இதற்கு மேல் போக வேண்டிய தேவை வரவில்லை.

முடிக்கும் நாளை முதலிலேயே குறியுங்கள்

2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டத்தை மறந்திருக்க மாட்டோம். சோறு, தண்ணீர், குப்பை அள்ளுவது, போக்குவரத்து எல்லாம் தானாக நடந்தது. 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தபோது, இது போதுமா, கலைவதா, இருப்பதா என்று எல்லோர் சார்பிலும் சொல்ல யாரும் இல்லை. சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறிய 23-ஆம் தேதியே அந்தக் கூட்டம் தடியடியிலும் தீயிலும் முடிந்தது. எது நடந்தால் வீட்டுக்குப் போவோம் என்பதைக் கூடும்போதே பேசி வைத்திருக்க வேண்டும்.

ஊருணிக்கு அது எளிது. "வரத்துக்காலில் கடைசிக் குச்சியில் துணி ஏறியதும் முடிந்தது" என்று பலகையில் முதல் நாளே எழுதுங்கள். அன்று எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுங்கள். அதன் பிறகு பராமரிப்பு மட்டும்தான், அதற்கு முறை. தெருவுக்கு ஒரு மாதம் என்று சுழற்சி. முறை வந்த தெருவினர் வாரத்துக்கு ஒரு தடவை வாய்க்காலைப் பார்த்து, படிக்கட்டில் எத்தனை படி தண்ணீருக்கு மேலே தெரிகிறது என்று எண்ணிப் பலகையில் எழுதிவிட்டு, அடுத்த மாதம் அடுத்த தெருவிடம் முறையை ஒப்படைக்க வேண்டும்.

ஐப்பசியில் முதல் பெருமழை இரவில்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்து முறைக்காரர் வீட்டு வாசலில் ஒரு மண்வெட்டியும் ஒரு டார்ச்சும் தயாராக இருக்கட்டும். எங்கள் வரத்துக்காலில் அடைப்பு எப்போதும் அந்தக் கல் பாலத்தடியில்தான் விழுகிறது, முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.